சாவுக்கு 12 மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும்: ஆலயத்துக்கு உயில் எழுதுவதைத் தடுத்த 118-ஆம் பிரிவும் 2003 தீர்ப்பும்

ஏழைகளின் துயர் துடைக்க. நோயில் கிடக்கும் படைவீரர்களைப் பராமரிக்க. மருத்துவமனை எழுப்ப. அனாதைப் பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்க. பள்ளிக்கூடம் நடத்த. பாலம் கட்ட, சாலை போட. ஆலயம் கட்ட, கட்டிய ஆலயத்தைப் பழுதுபார்க்க. போதகர்களின் நலனுக்கு. பொதுப் பூங்கா அமைக்க.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 118-ஆம் பிரிவுக்கு அடியில் எடுத்துக்காட்டாகக் கொடுக்கப்பட்ட பட்டியல் இது. உடன்பிறந்தவரின் பிள்ளை ஒன்று உயிரோடு இருக்கும்போது, சட்டம் கேட்ட முறைப்படி எழுதி ஒப்படைக்காத உயிலில் ஒருவர் இவற்றுக்குச் சொத்து எழுதிவைத்தால் என்ன ஆகும்? பட்டியலின் கடைசி வரி பதில் சொல்கிறது: இவை எல்லாம் செல்லாது.

அந்தப் பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2003 ஜூலை 21 அன்று ரத்து செய்தது. ஜான் வள்ளமட்டம் எதிர் இந்திய ஒன்றியம் என்பது வழக்கின் பெயர். தீர்ப்பு வந்த நாளில் இருந்து அதைப் பொது சிவில் சட்ட விவாதத்தோடு சேர்த்துத்தான் அதிகம் பேசுகிறார்கள். ஆனால், 'நான் போன பிறகு இந்த வீட்டில் ஒரு பங்கு கோயிலுக்குப் போகட்டும்' என்று மனதில் வைத்திருக்கும் கிறிஸ்தவர்களுக்கு இந்த வழக்கு வேறு விதத்தில் முக்கியமானது. அவர்களுடைய கடைசி விருப்பத்துக்கு மேல் இருந்த ஒரு பூட்டை அது உடைத்தது. உடைத்த பிறகு என்ன கவனம் தேவை என்பதையும் அந்த வழக்கிலிருந்தே கற்றுக்கொள்ள முடியும்.

பிரிவு என்ன சொன்னது

உடன்பிறந்தவரின் பிள்ளைகளோ, அவர்களைவிட நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர், மத காரியத்துக்கோ தர்ம காரியத்துக்கோ உயில் மூலம் சொத்து விட்டுச்செல்ல வேண்டும் என்றால் இரண்டு நிபந்தனைகள். சாவுக்குக் குறைந்தது 12 மாதம் முன்பே அந்த உயிலை எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். எழுதிய 6 மாதத்துக்குள், உயிரோடிருப்பவர்களின் உயில்களைப் பாதுகாக்கச் சட்டம் ஏற்படுத்திய இடத்தில் அதை ஒப்படைத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கொடை விழுந்துவிடும்.

படிக்கும்போது சின்ன முறைமை மாதிரிதான் தெரியும். ஒரு ஆளை வைத்துப் பார்த்தால்தான் கனம் புரியும். திருமணம் செய்துகொள்ளாத, ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2001 ஜனவரியில் முறையாக உயில் எழுதுகிறார்: வீட்டில் பாதி தன்னைப் பார்த்துக்கொண்ட அண்ணன் மகளுக்கு, மறு பாதி தான் வாழ்நாளெல்லாம் போன ஆலயத்துக்கு. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். புத்தி தெளிவாக இருக்கிறது, யாரும் வற்புறுத்தவில்லை. ஆகஸ்டில் மாரடைப்பில் இறந்துபோகிறார். அண்ணன் மகளுக்கு எழுதிய பாதி செல்லும். ஆலயத்துக்கு எழுதிய பாதி செல்லாது. அதே பாதியைப் பக்கத்து வீட்டுக்காரருக்கோ பழைய சிநேகிதிக்கோ எழுதியிருந்தால் செல்லும். அதே கை, அதே தாள், அதே நாள். யாருக்குக் கொடுத்தார் என்பது மட்டும்தான் வேறு.

அவர் இன்னும் பல ஆண்டு வாழ்ந்திருந்தாலும் இரண்டாவது நிபந்தனை காத்திருந்தது. உயிலைப் பதிவுசெய்வது வேறு, ஒப்படைப்பது வேறு. சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் அது ஆவணமாகப் புத்தகத்தில் ஏறும். ஒப்படைப்பது என்றால், பதிவுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் கொடுப்பது. உயிலுக்குப் பதிவே கட்டாயம் இல்லாத நாட்டில், ஒப்படைப்பு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாத விதி ஒன்று, இறந்தவரின் விருப்பத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிடும்.

எங்கிருந்து வந்தது

இந்த விதியின் வேர் இங்கிலாந்தில், இரண்டாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் 1736-ல் வந்த ஒரு சட்டத்தில் இருக்கிறது. நிலங்கள் திருச்சபைகளிடமும் தர்ம நிறுவனங்களிடமும் போய்ச் சேர்ந்துவிட்டால் அவை திரும்பக் கைமாறாது, வாரிசுகள் வெறுங்கையோடு நிற்பார்கள் என்ற பயம் அங்கே நெடுங்காலம் இருந்தது. அதனால் தர்மத்துக்கு நிலம் கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பத்திரம் மூலம் கொடுக்க வேண்டும், அதுவும் சாவுக்கு 12 மாதம் முன்பே கொடுக்க வேண்டும், 6 மாதத்துக்குள் நீதிமன்றத்தில் பதிவேற்ற வேண்டும் என்று விதித்தார்கள். உயில் மூலம் நிலத்தைத் தர்மத்துக்குக் கொடுப்பதை அந்தச் சட்டம் அடியோடு தடுத்தது.

1865-ல் இந்தியாவுக்கு வாரிசுரிமைச் சட்டம் எழுதியவர்கள், உயிரோடிருப்பவரின் பத்திரத்துக்கு இருந்த 12 மாதக் கெடுவையும் 6 மாதக் கெடுவையும் எடுத்து உயிலின் மேல் வைத்தார்கள். அங்கே நிலத்துக்கு மட்டும் இருந்தது, இங்கே நகை, பணம், பாத்திரம் என்று எல்லாச் சொத்துக்கும் விரிந்தது. அப்போது அது 105-ஆம் பிரிவு. இந்துக்கள், முஸ்லிம்கள், பௌத்தர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பதால் சுமை கிறிஸ்தவர்கள், பார்சிகள் போன்ற சில சமூகங்களின் மேல்தான் விழுந்தது.

1891-ல் இங்கிலாந்து தன் விதியைத் தளர்த்தி, உயிலில் நிலத்தைத் தர்மத்துக்கு எழுத வழிவிட்டது. ஆனால் 1925-ல் இந்தியாவில் பழைய சட்டங்களை ஒன்றுசேர்த்தபோது 105-ஆம் பிரிவு 118 என்ற புது எண்ணோடு அப்படியே உள்ளே வந்தது. மிச்சம் இருந்த தடைகளையும் இங்கிலாந்து 1960-ன் தர்ம நிறுவனச் சட்டத்தில் துடைத்துவிட்டது. பிறந்த மண்ணில் இல்லாமல் போன விதி இங்கே மேலும் 43 ஆண்டு உயிரோடு இருந்தது.

1991-ல் நாடாளுமன்றம் இந்தப் பிரிவைத் தொட்டது. பார்சிகளுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தது. அதற்குப் பிறகு, யூதர்கள் போன்ற மிகச் சிறிய சமூகங்களை விட்டுவிட்டால், இந்தத் தடைக்குள் எஞ்சியிருந்தவர்கள் கிறிஸ்தவர்கள்தான். அவர்களுக்கு ஏன் அந்த விலக்கு கிடைக்கவில்லை என்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இந்தக் கதையில் ஒரு தனிக் கிளை உண்டு. 1956 நவம்பர் 1 வரை அந்தப் பகுதி திருவிதாங்கூரையும், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்தது. அங்கே 1916-ன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் நடப்பில் இருந்தது. மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் என்ற சட்டம். மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951-லேயே நீங்கிவிட்டது, 1925-ன் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. பெண்களுக்கு அது பெரிய விடுதலை. அதே நேரத்தில், அந்தச் சட்டம் முழுதாக வந்தபோது 118-ஆம் பிரிவும் கூடவே வந்தது. மகள் சமபங்கு பெற்ற அதே சட்டத்தில், அந்த மகள் தன் பங்கை ஆலயத்துக்கு உயில் எழுதத் தடையும் இருந்தது.

வழக்கு

கேரளத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவானவர் ஜான் வள்ளமட்டம் 1997-ல் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார். 118-ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவிக்க வேண்டும் என்பது கோரிக்கை. அது நிலுவையில் இருக்கும்போதே, 1998-ல் கேரள உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் இதே பிரிவைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. நாடு முழுதுக்குமான முடிவு தலைமை நீதிபதி வி.என். கரே, நீதிபதிகள் எஸ்.பி. சின்ஹா, ஏ.ஆர். லட்சுமணன் ஆகிய மூவர் அமர்விலிருந்து வந்தது. இவர்களில் ஏ.ஆர். லட்சுமணன் நம் தேவகோட்டைக்காரர்; பின்னாளில் இந்தியச் சட்ட ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார்.

பாகுபாடு ஐந்து விதமாக நடக்கிறது என்பது வாதம். கிறிஸ்தவருக்கும் மற்றவருக்கும் இடையில். உயில் மூலம் கொடுக்கும் கிறிஸ்தவருக்கும் உயிரோடிருக்கும்போதே கொடுக்கும் கிறிஸ்தவருக்கும் இடையில். தர்ம காரியத்துக்கும் மற்ற எல்லாக் காரியத்துக்கும் இடையில்; அந்த 'மற்ற'வற்றில் அவ்வளவு நல்லதல்லாத நோக்கங்களும் அடக்கம். உடன்பிறந்தவர் பிள்ளை உள்ளவருக்கும் உறவே இல்லாதவருக்கும் இடையில். கடைசியாக, உயில் எழுதி 12 மாதத்துக்குள் இறந்தவருக்கும் அதைத் தாண்டி வாழ்ந்தவருக்கும் இடையில்.

இரண்டாவதைக் கொஞ்சம் பார்க்கலாம். மரணப் படுக்கையில் இருப்பவரிடம் ஆவிக்குரிய பயத்தைக் காட்டிச் சொத்தை எழுதி வாங்கிவிடக் கூடாது, அவசரத்தில் யோசிக்காமல் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் இந்தப் பிரிவின் நோக்கமாகச் சொல்லப்பட்டது. அப்படி என்றால் அதே படுக்கையில் ஒரு தானப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துப் பதிவுசெய்தால் அது செல்லுபடியாகிறதே! தானப் பத்திரம் உடனே சொத்தைப் பறித்துக்கொள்ளும், திரும்ப வாங்க முடியாது. உயிலை நாளைக்கே மாற்றி எழுதலாம். ஆபத்து அதிகமுள்ள வழியைத் திறந்து வைத்துவிட்டு ஆபத்து குறைந்த வழியை அடைத்திருந்தது சட்டம்.

என்னை மிகவும் பாதிப்பது ஐந்தாவது வாதம். தன் சாவின் தேதி எவருக்கும் தெரியாது. ஒருவரால் எந்த விதத்திலும் கட்டுப்படுத்த முடியாத ஒன்றை நிபந்தனையாக வைத்து, அது நிறைவேறவில்லை என்று அவருடைய விருப்பத்தைச் செல்லாததாக்குவது எப்படி நியாயமாகும்? பதினோராம் மாதம் இறந்தவரிடம் என்ன குற்றம்? உயிலைப் பற்றி அதிகம் யோசிப்பவர்கள் வயதானவர்களும் நோயாளிகளும்தான். அவர்களைத்தான் இந்த விதி அதிகமாக அடித்தது.

நீதிமன்றம் அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவை, அதாவது சட்டத்தின் முன் சமத்துவத்தை, அடிப்படையாகக் கொண்டு 118-ஐ ரத்து செய்தது. மரணப் படுக்கை அழுத்தம்தான் கவலை என்றால் அது எல்லா மதத்தவருக்கும் உள்ள கவலை. ஒரு சமூகத்தை மட்டும் கட்டிப்போட அது காரணம் ஆகாது. சட்டம் எழுதிய காலத்தில் ஒரு காரணம் இருந்திருந்தாலும், காலம் மாறும்போது அந்தக் காரணம் செத்துவிட்டால் சட்டமும் நிற்க முடியாது என்பதையும் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

மனுதாரர் சமய சுதந்திரத்தையும் எழுப்பியிருந்தார். அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தர்மம் செய்வது கிறிஸ்தவத்தில் போற்றப்படுகிற காரியம், ஆனால் சொத்தை எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும் என்பது கட்டாயக் கடமை அல்ல என்ற நிலையை எடுத்தது. விசுவாசிகள் சிலருக்கு இது சற்று வருத்தமாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே உள்ள பட்டியலை மறுபடி பாருங்கள்: ஆலயம் இருக்கிறது, ஆனால் பாலமும் சாலையும் பூங்காவும் மருத்துவமனையும் இருக்கின்றன. சமய சுதந்திரம் என்ற ஒரே கால் மேல் தீர்ப்பு நின்றிருந்தால் ஆலயத்துக்கான கொடை தப்பியிருக்கும், ஊர்ப் பாலத்துக்கான கொடையின் கதி கேள்விக்குறியாக இருந்திருக்கும். சமத்துவத்தின் மேல் நின்றதால் பட்டியல் முழுதும் விடுபட்டது. அனாதை இல்லத்துக்கு எழுதினாலும், அரசுப் பள்ளிக்கு எழுதினாலும், சபைக்கு எழுதினாலும் இன்று ஒரே விதி.

தலைமை நீதிபதி தன் தீர்ப்பின் இறுதியில், பொது சிவில் சட்டம் பற்றிய அரசியலமைப்பின் 44-ஆம் பிரிவு இன்னும் நடைமுறைக்கு வரவில்லையே என்று வருத்தம் தெரிவித்திருந்தார். அந்த ஒரு கருத்தே பெரிய விவாதமாகிவிட்டது. அந்தச் சத்தத்தில், இனிமேல் உயிலில் என்ன எழுதலாம் என்ற சேதி சாதாரண சபை மக்களிடம் சரியாகப் போய்ச் சேரவில்லை. பழைய சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு 'கோயிலுக்கு உயில் எழுதினால் ஒரு வருஷம் உயிரோடு இருக்கணும்' என்று இன்னும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பயம் பொய்யில்லை

118 போனதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் அது காட்டிய பயம் கற்பனை என்று சொல்ல மாட்டேன். மதத் தலைவர் ஒருவர் படுக்கையருகே உட்கார்ந்து ஜெபம் செய்துவிட்டு, ஒரு தாளை நீட்டும்போது, நோயாளிக்கு 'வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு வலு இருக்கும்? தேவனுக்கு என்று சொல்லிவிட்டுப் பெற்றவர்களைக் கைவிட்டவர்களை இயேசுவே கண்டித்தார்; மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வரும் கொர்பான் காணிக்கை அதுதான். தன் வீட்டாரைக் கவனிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் கிறிஸ்தவ மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ உயிலால் தொட முடியாத பங்கு என்று எதுவும் கிடையாது. முஸ்லிம் ஒருவர் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது. பிறப்பாலேயே பங்கு என்ற இந்துக் கூட்டுக்குடும்ப விதி கிறிஸ்தவர்களுக்கு இல்லை. 'பூர்வீகச் சொத்தை அப்பா எழுத முடியாது' என்று கிறிஸ்தவ வீடுகளிலும் சொல்வார்கள். பரம்பரையாக அவர் கைக்கு வந்த சொத்தும் அவர் சொத்துதான். அதாவது ஒரு கிறிஸ்தவர் நினைத்தால் மனைவியை நடுத்தெருவில் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சபைக்கு எழுதிவைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. உயில் இல்லாமல் இறந்திருந்தால் பிள்ளைகள் உள்ள விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு வந்திருக்கும். ஆகவே முதலில் மனைவி அல்லது கணவன் எங்கே வாழ்வார், எதில் சாப்பிடுவார் என்பதை உயிலில் எழுதிவிட்டு, அப்புறம் ஆலயத்துக்கு வரவேண்டும். வீட்டை ஆலயத்துக்கு எழுதினாலும், மனைவி உயிரோடு இருக்கும்வரை அதில் வாழும் உரிமையும் வாடகை வாங்கும் உரிமையும் அவருக்கே என்று எழுதலாம். அப்படி எழுதாமல் சபைக்குச் சொத்து கொடுக்கும் உயிலைப் பார்த்தால் அந்தச் சபையே தடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அழுத்தத்தைத் தடுக்கப் பொதுவான விதிகள் போதுமானவை இருக்கின்றன. மோசடி, வற்புறுத்தல், மறுக்க முடியாதபடி நச்சரித்தல் ஆகியவற்றால் எழுதப்பட்ட உயில் வாரிசுரிமைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவின்படி செல்லாது. வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன கொள்கை இன்றும் நடைமுறையில் உள்ளது: உயிலைச் சுற்றிச் சந்தேகமான சூழ்நிலை இருந்தால் அதைத் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவர் மேல்தான். உயிலால் பலன் பெறுபவரே அதை எழுத முன்னின்று உழைத்திருந்தால் அதுவே சந்தேகம். சபை என்பதால் இதில் சலுகை கிடையாது. சபைச் செயலாளரே வக்கீலை ஏற்பாடு செய்து, சபை அலுவலகத்திலேயே தட்டச்சு செய்து, சேகரகுருவே (சபையின் போதகரே) சாட்சிக் கையெழுத்துப் போட்டால், அந்த உயில் உண்மையானதாக இருந்தும் நீதிமன்றத்தில் தடுமாறும்.

இப்போது எழுதுகிறவர்களுக்கு

உயிலுக்குத் தேவையானவை கொஞ்சம்தான். புத்தி தெளிவாக இருக்க வேண்டும், வயது 18 நிறைந்திருக்க வேண்டும், எழுதுபவர் கையெழுத்து அல்லது கைநாட்டு வைக்க வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் முதியவர்கள், ஆலயத்துக்கு எழுதுகிறவர்கள், பதிவு செய்துகொள்வது நல்லது. 118 கட்டாயப்படுத்திய அந்த ஒப்படைப்பு வசதியும் இன்னும் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு முத்திரையிட்ட உறையை மாவட்டப் பதிவாளரிடம் கொடுப்பது அருமையான வழி. மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சாட்சி விஷயத்தில் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. 67-ஆம் பிரிவின்படி, சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ அதே உயிலில் எழுதிய கொடை செல்லாது. உயில் நிற்கும், அந்தக் கொடை மட்டும் விழும். இந்துக்களுக்கு இந்த விதி இல்லாததால் பத்திர எழுத்தர்கள் சிலர் இதைக் கவனிப்பதில்லை. பங்குத்தந்தைக்கு உங்கள் புத்தகங்களை அன்பாக எழுதிவைத்துவிட்டு அவரையே சாட்சியாக நிறுத்தினால் அவருக்கு அவை போகாது. ஆலயத்துக்கு எழுதும்போது சபைப் பொறுப்பில் இருப்பவர் யாருமே சாட்சியாக வேண்டாம். உங்களைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரும், சபைக்கு வெளியே உள்ள நண்பர் ஒருவரும் இருந்தால் பிற்பாடு கேள்வி வராது.

இன்னொரு கண்ணி 69-ஆம் பிரிவு. உயில் எழுதிய பிறகு திருமணம் செய்தால் பழைய உயில் தானாக ரத்தாகிவிடும். மனைவியை இழந்த ஒருவர் 60 வயதில் ஆலயத்துக்கு எழுதிவிட்டு 63-ல் மறுமணம் செய்கிறார் என்றால் அந்த உயில் இனி இல்லை. புதிதாக எழுத வேண்டும். இதுவும் இந்துக்களுக்குப் பொருந்தாத விதி, அதனால் பக்கத்து வீட்டு அனுபவத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

அடுத்தது பெயர். பெரும்பாலான கொடைகள் சிக்கலில் மாட்டுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். 'எங்க ஊர் சர்ச்சுக்கு' என்றால் யாருக்கு? சட்டத்தின் கண்ணில் சொத்து வைத்திருக்கத் தகுதியுள்ள அமைப்பு எது என்று கேட்டு, அதன் முழுப் பதிவுப் பெயரை எழுத வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையில் சொத்துக்களைப் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் என்ற நிறுவனம்தான் வைத்திருக்கிறது, உங்கள் சேகரம் அல்ல. கத்தோலிக்கப் பங்கு என்றால் மறைமாவட்டத்திடம் கேட்க வேண்டும். சுதந்திரச் சபைகளில் பல, ஒரு பதிவுசெய்யப்பட்ட டிரஸ்டின் பெயரில் இருக்கும். சில இடங்களில் கட்டடமே போதகரின் சொந்தப் பெயரில் இருக்கும், அங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை. போதகரின் பெயரில் எழுதினால் அது அவருக்குக் கொடுத்ததாகிவிடும், சபைக்கு அல்ல. அவர் உங்களுக்கு முன் இறந்துவிட்டால் பொதுவாக அந்தக் கொடையே காலாவதியாகிவிடும். பெயரில் சின்னப் பிழை இருந்தால் 76-ஆம் பிரிவு காப்பாற்றும்; யாருக்கு, எதற்கு என்பதே தெளிவில்லாமல் இருந்தால் 89-ஆம் பிரிவின்படி கொடை செல்லாது.

நோக்கத்தையும் எழுதுங்கள், ஆனால் இறுக்கமாக வேண்டாம். 'ஆலய மணிக்கூண்டு கட்ட மட்டும்' என்று எழுதி, நீங்கள் இறப்பதற்கு முன்பே மணிக்கூண்டு கட்டி முடிந்துவிட்டால்? 'மணிக்கூண்டுப் பணிக்கு, அது முடிந்திருந்தால் சபையின் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு' என்று ஒரு மாற்று வழி சேர்த்துவிட்டால் தீர்ந்தது. கத்தோலிக்கர்களுக்கு ஒரு கூடுதல் உறுதி உண்டு: 1983-ன் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1300-ஆம் விதி, விசுவாசிகள் நல்ல காரியங்களுக்கு விட்டுச்செல்லும் சொத்தை அவர்கள் விருப்பப்படியே மிகக் கவனமாக நிறைவேற்ற வேண்டும் என்று திருச்சபையையே கட்டுப்படுத்துகிறது. மற்ற சபைகளில் அந்த உறுதியை உயிலின் வாசகமும், நீங்கள் நியமிக்கும் நிறைவேற்றுநரின் நேர்மையும்தான் தரும். நிறைவேற்றுநராகச் சபைக்கு வெளியே உள்ள ஒருவரையும் குடும்பத்தில் ஒருவரையும் சேர்த்துப் போடலாம்.

குறிப்பிட்ட ஒரு பொருளை எழுதுவதா, பங்கை எழுதுவதா என்பதும் யோசிக்க வேண்டியது. 'தெற்குத் தெரு மனை ஆலயத்துக்கு' என்று எழுதிவிட்டு, பிறகு மருத்துவச் செலவுக்கு அந்த மனையை விற்றுவிட்டால் கொடை போய்விடும். விற்ற பணத்தில் ஆலயத்துக்கு உரிமை வராது. 'கடன்களும் செலவுகளும் போக மீதமுள்ளதில் பத்தில் ஒரு பங்கு' என்று எழுதினால் சொத்து எந்த உருவில் இருந்தாலும் பங்கு நிற்கும். தசமபாகம் கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு மனதுக்கும் பிடிக்கும். கடனைப் பொறுத்தவரை சட்டம் தெளிவு: கடன் தீர்ந்த பிறகுதான் எந்தக் கொடையும்.

முன்பு உயிலை நீதிமன்றத்தில் நிரூபித்துப் புரோபேட் (உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று) வாங்காமல் உரிமை கோர முடியாத நிலை இருந்தது. 2002-ல் வந்த திருத்தம் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. ஆனால் உறவினர் யாராவது எதிர்த்தால் சபை நீதிமன்றத்துக்குப் போய் ஒரு சாட்சியையாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதனால் உங்களைவிட வயதில் இளைய சாட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்.

வெளிநாட்டில் குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர்கள் பலருக்குச் சொந்த ஊர் ஆலயத்தின் மேல் பாசம் குறைவதில்லை. அவர்கள் கனடாவிலோ இங்கிலாந்திலோ எழுதும் உயிலில் ஊர்க் கோயிலுக்குப் பணம் விட்டால், அது இந்தியச் சட்டத்தில் வெளிநாட்டு நன்கொடை. வாங்கும் அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவதற்கு இந்தத் தடை இல்லை. ஊர்ச் சபைக்கு அந்தப் பதிவு இல்லையென்றால், பதிவு உள்ள திருமண்டலத்துக்கோ (சி.எஸ்.ஐ. சபைகளின் வட்டார அமைப்பு) மறைமாவட்டத்துக்கோ எழுதி, எந்த ஊர் ஆலயத்துக்கு என்று நோக்கத்தில் குறிப்பிடலாமா என்று அந்த அலுவலகத்தையே முதலில் கேட்டுவிட்டு உயிலை எழுத வேண்டும்.